தீக்குச்சி செருகிய சுவிட்ச்

போன ஆடி மாதம் வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பையன் நேராக என் கடைக்கு வந்தான். தோளில் போர்வை மூட்டை. இறக்கி வைத்தபோது பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. போர்வைக்குள் பதினான்கு அங்குல கம்ப்யூட்டர் மானிட்டர், பிக்சர் டியூப் வைத்த பழைய கலர் மானிட்டர். ஒரு காலத்து வெள்ளை பிளாஸ்டிக், துவைத்துத் துவைத்துப் பழுத்த வேட்டி மாதிரி மஞ்சளாகியிருந்தது. கீழே வலது மூலையில் பவர் பட்டன். பட்டனுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சி.

"இது எத்தினி நாளா இருக்குது தம்பி?"

"எங்கப்பா வெச்சதுண்ணே. பட்டன அமுக்குனா நிக்காது, கைய எடுத்தா வெளிய வந்துடும். குச்சி செருகினா நிக்கும்."

அப்பா டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர், இப்போது இல்லை. பையனுக்கு பெங்களூரில் வேலை. சின்ன வயதில் அப்பாவின் மானிட்டரில் ஆடிய விளையாட்டுகளை அதே மானிட்டரில் ஆட வேண்டுமாம். புது எல்.சி.டி.யில் போட்டால் அந்தப் படம் வரவில்லை என்றான். அது உண்மைதான். அந்தக் காலத்து விளையாட்டுகளை பிக்சர் டியூபை மனதில் வைத்து வரைந்திருப்பார்கள். தட்டைத் திரையில் அவை செதில் செதிலாகத் தெரியும்.

எனக்கு அந்தக் குச்சிதான் பழக்கமான முகம். தீக்குச்சி, பீடிக் கட்டு அட்டையை மடித்து வைத்தது, ஈர்க்குச்சி என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். சங்கராபுரம் பக்கம் ஒரு வீட்டில் ஹேர்பின் செருகியிருந்தார்கள். 230 வோல்ட் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஹேர்பின்! அந்த அம்மாவிடம் பின்னை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் தொழிலுக்கு வந்தது 1991-இல். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019 நவம்பரில் தனி மாவட்டமே ஆகிவிட்டது. கடை போர்டில் மாவட்டத்தின் பெயரை இரண்டு தடவை அழித்து எழுதியாயிற்று, கடை அதே சந்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு வேலை ரேடியோ, டேப் ரிக்கார்டர், கருப்பு வெள்ளை டிவி. என் வாத்தியார் முதல் ஆறு மாதம் என்னை சோல்டரிங் அயர்னைத் தொடவிடவில்லை. சீரிஸ் போர்டு செய்யத்தான் விட்டார். மரப்பலகையில் ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, அதற்குத் தொடராக ஒரு சாக்கெட். ரிப்பேருக்கு வந்த எந்தப் பெட்டியையும் முதலில் இந்த சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் பல்பு ஒரு தரம் மின்னி மங்கிவிடும். பல்பு மினுக்குவதே இல்லையென்றால் கரண்ட் உள்ளே நுழையவில்லை என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது மூன்று: வயர், ஃபியூஸ், சுவிட்ச்.

வாத்தியார் அந்த மூன்றையும் எப்போதும் தலைகீழாகவே பார்ப்பார். சுவிட்ச் முதலில். "மனுஷன் கை படுறது அது ஒண்ணுலதாண்டா" என்பார்.

ஆனால் கையை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. டிவியிலும் மானிட்டரிலும் இருந்த அந்த அழுத்தும் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்னதாக ஒரு கடிகாரம் மாதிரி. உள்ளே நகரும் பிளாஸ்டிக் துண்டில் அரசிலை வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். குண்டூசிக் கனத்தில் ஒரு கம்பி அந்தப் பள்ளத்தில் ஓடும். அமுக்கினால் கம்பி இலையின் ஓரமாகச் சுற்றிப்போய், காம்பு சேரும் குழியில் உட்கார்ந்துகொள்ளும், சுவிட்ச் 'ஆன்'. மறுபடி அமுக்கினால் குழியிலிருந்து விடுபட்டு மறு ஓரமாக இறங்கும், 'ஆஃப்'. பத்து வருஷம், தினமும் நாலைந்து தடவை அமுக்கினால் எத்தனை ஆயிரம் சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழியின் விளிம்பு மழுங்கிவிட்டாலும் கம்பி லேசாக வளைந்துவிட்டாலும் பட்டன் நிற்காது. தீக்குச்சி வருவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு சாவு உண்டு, அது வெளியே தெரியாது. பட்டன் அழகாக நிற்கும், 'டக்' என்று சத்தமும் வரும், ஆனால் பெட்டி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. பக்கத்தில் தட்டினால் வரும். உள்ளே கரண்டைச் சேர்த்து வெட்டும் பாயிண்ட் கருகிப் போயிருக்கும். கலர் மானிட்டர் ஓடும்போது எடுப்பது ஒரு ஆம்பியரில் பாதிகூட இருக்காது. ஆனால் ஆன் செய்யும் அந்தக் கணத்தில் கதை வேறு. உள்ளே 400 வோல்ட் ஃபில்டர் கண்டென்சர் காலியாகக் கிடக்கிறது, ஏரி மதகைத் திறந்த மாதிரி கரண்ட் அதற்குள் பாயும். கூடவே டியூபைச் சுற்றி ஒரு டீகாஸ் காயில். டியூபுக்குள் இருக்கும் சல்லடைத் தகட்டில் ஏறியிருக்கும் காந்தத்தைப் போக்க, ஆன் செய்ததும் ஓரிரு நொடி அது பல ஆம்பியர் இழுக்கும். பழைய மானிட்டரைப் போட்டதும் 'ம்ம்ங்' என்று ஒரு சத்தம் வந்து படம் லேசாக ஆடி நிற்குமே, அதுதான். இந்த இரண்டையும் அரிசி மணி அளவுகூட இல்லாத பாயிண்ட் தாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும், வெள்ளிப் பூச்சில் ஒரு புள்ளி கருகும்.

சுவிட்சின் முதுகில் எழுதியிருப்பதை நான் படிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். சிலவற்றில் '8/128' என்று சாய்கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் நின்று ஓடும் ஆம்பியர், இரண்டாவது ஆன் செய்யும் கணத்தில் தாங்கும் ஆம்பியர். அமெரிக்கக் கணக்கில் வருவதில் 'டிவி-5' என்று போட்டிருக்கும். ஓடும்போது 5 ஆம்பியர், பாயும்போது 78 வரை தாங்கும் என்று அர்த்தம். பெயரிலேயே டிவி இருக்கிறது பாருங்கள். இந்தப் பாய்ச்சல் டிவி செய்தவர்களை எவ்வளவு பாடாய்ப் படுத்தியிருந்தால் அதற்கென்றே தனித் தரம் வைத்திருப்பார்கள்! சாய்கோடு இல்லாமல் வெறும் '6 ஆம்பியர் 250 வோல்ட்' என்று எழுதிய மலிவு சுவிட்சை ஆரம்பத்தில் நானும் நிறைய மாற்றிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் திரும்பி வந்தன. வாடிக்கையாளர் என்னைத் திட்டினார், நான் சுவிட்ச் செய்தவனைத் திட்டினேன். எழுதியிருந்ததைப் படிக்காதது நான்தான்.

கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் மெல்லத்தான் வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் ஒரு மூலையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, வெளியே போர்டில் அதன் படத்தை வரைந்தன. முதலில் என்னைக் கூப்பிட்டவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. பச்சை எழுத்து மானிட்டர், கணக்கு எழுதுவதற்கு. டிவி பார்ப்பவன் இதையும் பார்ப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மானிட்டர் எனக்குப் புதிதில்லை, ஆண்டெனா இல்லாத டிவிதானே. மாட்டிக்கொண்டது சி.பி.யு. சுவிட்சில்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த சுவிட்ச் தெரியாது. இப்போது கம்ப்யூட்டரின் முன்னால் இருக்கும் பட்டனில் ஓடுவது வெறும் 5 வோல்ட் சிக்னல். 1995-க்குப் பிறகு வந்த ஏ.டி.எக்ஸ். சப்ளையில்தான் அப்படி. அதற்கு முந்தைய ஏ.டி. வகையில் பெட்டியின் பின்னாலிருக்கும் சப்ளையிலிருந்து கனமான நாலு வயர் முன்பக்க பட்டனுக்கு வரும், முழு 230 வோல்ட்டோடு. பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. இரண்டு உள்ளே வருவது, இரண்டு வெளியே போவது. சுவிட்ச் போயிருந்தது. புதியதை வைத்து, எந்த வயர் எங்கே இருந்தது என்று எழுதிவைக்காமல், நிறத்தைப் பார்த்து என் ஞானத்துக்கு எட்டியபடி சொருகினேன். உள்ளே வரும் இரண்டையும் ஒரே பாயிண்டின் இரு முனையில் சொருகியிருக்கிறேன். பட்டனை அமுக்கியதும் 'டப்' என்று ஒரு சத்தம். மில்லில் மெயின் ஃபியூஸ் போய் மோட்டார் நின்றது, பெல்ட் ஓய்ந்தது, அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொன்னார். அந்த டீ தொண்டையில் இறங்கவில்லை. அன்றிலிருந்து நிறத்தை நம்பியதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்து, நூல் கட்டி அடையாளம் போட்டுத்தான் எந்த வயரையும் கழற்றுகிறேன்.

இந்த மில் தெருக்களில் இன்னொரு தொல்லை. பெரிய மோட்டார் ஓட ஆரம்பித்தால் பக்கத்து வீடுகளில் டிவி படம் நாலு பக்கமும் சுருங்கும், பல்பு சிவக்கும். ஜனம் உடனே டிவியை அணைத்துப் போடும். அணைத்த கையோடு போடுவதுதான் சுவிட்சுக்கு எமன். கண்டென்சருக்கு முன்னால் பாய்ச்சலைத் தடுக்க ஒரு தெர்மிஸ்டர் வைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போதுதான் அது தடுக்கும், சூடாக இருந்தால் வழிவிட்டுவிடும். அது ஆற ஒரு நிமிஷமாவது வேண்டும். இதை நான் சொல்லாத வீடு கிடையாது. கேட்ட வீடு எத்தனை என்று கேட்காதீர்கள்.

2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை நினைத்தால் ஒரு விசித்திரம் தோன்றும். நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. சுவிட்ச் வேலை குவியும் என்று நினைத்தேன். குவியவில்லை. ஜனம் சுவிட்சை ஆனிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தது. மூடிக் கிடக்கும் பாயிண்டில் பொறி பறக்காது. திரும்பி வரும் கரண்டின் முதல் அடியை வாங்கிச் செத்தவை கண்டென்சரும் சப்ளை ஐ.சி.யும்.

இனி மலை விஷயம். இதைச் சொல்லத்தான் இத்தனையும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டினால் வளைந்து வளைந்து ஏறும் பாதை. கல்வராயன் மலைக்கு மாதம் ஒரு தடவை போவேன். பையில் மீட்டர், அயர்ன், ஈயக்கம்பி, கிடைத்த ஸ்பேர். ஒரே நாளில் நாலைந்து ஊர் பார்த்துவிட்டு இறங்க வேண்டும், கடைசி பஸ்ஸை விட்டால் அங்கேதான் படுக்கை. கூலிக்குப் பதிலாகச் சில வீடுகளில் பலாப்பழம் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது மானிட்டரைத் தூக்குவதைவிடக் கஷ்டம்.

ஒரு மழைக்காலத்தில் மேலே ஒரு சிறிய கம்ப்யூட்டர் மையத்தில் மானிட்டர் வரவில்லை என்றார்கள். பாயிண்ட் முழுக்கக் கருகிய சுவிட்ச். கையில் ஸ்பேர் இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வர வேண்டுமென்றால் ஒரு வாரம் ஆகும். அங்கே ஏதோ பரீட்சை நேரம். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, 'டைரக்ட் பண்ணிடறது' என்போம். சுவிட்சைக் கழற்றிவிட்டு அதன் காலிருந்த இடங்களை வயரால் இணைத்துவிடுவது. மானிட்டர் உடனே வந்தது. "இனிமே சுவத்து சுவிட்சுல போட்டு அணைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த மாதம் ஸ்பேர் கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுபோகவில்லை. ஓடிக்கொண்டிருந்ததே, யார் கேட்டார்கள்?

ஏழெட்டு மாதம் கழித்து அதே மானிட்டரில் படம் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். சுவர் சுவிட்சை நானே அணைத்தேன். பின்மூடியைக் கழற்றினேன். கண்டென்சரில் தங்கியிருந்த கரண்டை பல்பு வைத்து இறக்கினேன், டியூபில் இருந்ததையும் இறக்கினேன், எல்லாம் முறைப்படி. பிறகு போர்டைத் திருப்புவதற்காக சப்ளைப் பக்கத்து ஹீட் சிங்க்கில் கை வைத்தேன். அடித்த அடியில் பின்னாலிருந்த மர பீரோவில் போய் மோதினேன். முழங்கை வரை மரத்துவிட்டது. ஒரு நிமிஷம் வாயில் பேச்சே வரவில்லை.

டெஸ்டரை எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. அந்தக் கட்டடத்தில் வயரிங் செய்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டிருந்தார். சுவர் சுவிட்ச் வெட்டியது நியூட்ரலை. அணைத்த பிறகும் மானிட்டருக்குள் ஃபேஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தது. மானிட்டரின் சொந்த சுவிட்ச் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அது இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும், நாலு கால் இருப்பதே அதற்காகத்தான். வயரிங் செய்தவன் எப்படி மாற்றினாலும் சரி, பட்டனை அணைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது என்று அதைச் செய்தவன் யோசித்து வைத்திருக்கிறான். நான் ஐந்து நிமிஷத்தில் அதை வயரால் கட்டிவிட்டேன். ஏழெட்டு மாதமாக அந்த மையத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா தினமும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஈரத்துணியால் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், பின்பக்கத்து ஓட்டைகளையும் சேர்த்து. அதை அவரே சொன்னார், சுத்தமாக வைத்திருக்கிறேன் என்பதைக் காட்ட.

பிளக்கைப் பிடுங்கியிருக்கலாமே என்பீர்கள். பிடுங்கியிருக்க வேண்டும், வாஸ்தவம். இப்போதெல்லாம் முதல் வேலை அதுதான். இறங்கி வந்து, நான் டைரக்ட் பண்ணிய பெட்டிகள் எங்கெங்கே என்று நினைவில் இருந்தவரை எழுதினேன். பதினேழு வந்தது. மூன்று மாதத்தில் பதினான்கைத் தேடிப் பிடித்து சுவிட்ச் போட்டேன், காசு வாங்காமல். மீதி மூன்று பேர் வீடு மாறிவிட்டார்கள், அல்லது பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

ஸ்பேர் பஞ்சம் தீர்ந்தது எதிர்பாராத வழியில். 2006-இல் தொடங்கி ஐந்து வருஷம் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்தது. பதினான்கு அங்குலம், தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல். தட்டை டிவி வந்த பிறகு அவை பழைய இரும்புக் கடைகளில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஜனம் ரிமோட்டில் போட்டு ரிமோட்டில் அணைத்திருந்தது, அதனால் பல பெட்டிகளில் மெயின் சுவிட்ச் அமுக்கப்படாமல் புத்தம் புதிதாக இருந்தது. எடைக்குப் பேசி, போர்டுகளை மட்டும் வாங்கி, ஒரு டின் நிறைய சுவிட்ச் கழற்றி வைத்தேன். அந்த டின் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பையனின் மானிட்டருக்கும் அதிலிருந்துதான் எடுத்தேன். உடனே மாற்றிவிடவில்லை. பழையதை முதலில் கழற்றி மீட்டர் வைத்தேன், பாயிண்ட் நன்றாகவே காட்டியது. மீட்டர் சொல்வதை இங்கே நம்பக் கூடாது. மீட்டர் அனுப்பும் கரண்ட் எறும்பு ஊர்கிற அளவு, கருகிய பாயிண்டும் அதைக் கடத்திவிடும். 100 வாட் பல்பைத் தொடராகப் போட்டு, எரியும்போது சுவிட்சின் இரு காலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மறுபக்கம் நாலு வோல்ட். பாயிண்டும் போய்விட்டது. அதற்குத் தீக்குச்சியும் ஒரு காரணம். குச்சி பட்டனைக் கடைசி வரை அழுத்திப் பிடிக்காது, பாயிண்ட் தொட்டும் தொடாமலும் நின்று உள்ளேயே பொறிந்துகொண்டிருக்கும். அப்பா செய்த அந்த வைத்தியத்தை நான் பையனிடம் விளக்கவில்லை.

கமடோர் 1084 என்று 1980-களின் இறுதியில் வந்த ஒரு மானிட்டருக்கு இதே சுவிட்ச் மாற்றுவது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் சகஜமான வேலை என்று பையன் செல்போனில் காட்டினான். அங்கேயும் குச்சி செருகியிருப்பார்களா என்று கேட்டேன். சிரித்தான்.

டின்னில் கால் இடைவெளி ஒத்துப்போகிற ஆறு சுவிட்சை எடுத்து, தண்டின் உயரத்தை அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் பட்டன் சட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது சரியாக வந்தது. போர்டில் பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். அமுக்கி அமுக்கி அங்கே காலைச் சுற்றி மோதிரம் போல விரிசல் விட்டிருக்கும், மேலே ஈயம் பூசினால் மறைந்திருக்கும், போகாது. சீரிஸ் போர்டில் போட்டேன், பல்பு மின்னி மங்கியது. நேரடியாகப் போட்டேன். 'ம்ம்ங்'. பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

பட்டனை அவனையே இருபது தடவை அமுக்கச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிஷம் விட்டு. பொறுமையாக அமுக்கினான். தீக்குச்சியைக் காகிதத்தில் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

கிளம்பும்போது ஒரு டெஸ்டரைக் கையில் கொடுத்தேன். "சொருகறதுக்கு முன்னாடி சாக்கெட்டுல வெச்சுப் பாரு. பெரிய ஓட்டை மேல இருக்கணும். கீழ வலது ஓட்டையில எரியணும்."

ராத்திரி எட்டரைக்கு போன் வந்தது.

"அண்ணே, இடது பக்கம் எரியுதுண்ணே."

"சுவத்து சுவிட்ச அணைச்சுட்டுப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மழை பெய்வது போனில் கேட்டது.

"அணைச்சாலும் எரியுதுண்ணே."

"சரி. எதையும் சொருகாத. வீட்டுல இருக்கறவங்க கிட்டயும் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுல வரேன்."